நான்காம் வருஷத்துப் போன்

கண்ணாடி மேசைமேல் இரண்டு போன்களை அருகருகே வைத்துவிட்டுக் கடைப் பையன் ஒதுங்கி நிற்பான். இரண்டும் பளபளக்கும். இரண்டின் திரையிலும் கடலும் மலையும் ஓடும். முதல் நாளன்று எந்தப் பொருளும் தன் குறையைத் தானே சொல்லாது, பிள்ளைகளே. இருபத்தைந்தாயிரம், முப்பதாயிரம் என்பது படிப்பு முடித்து இப்போதுதான் வேலையில் சேர்ந்த பலருக்கு ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம். வீட்டுக்குக் கொடுத்ததுபோக மிச்சம் பிடித்துச் சேர்ப்பதென்றால் அரை வருஷம் ஆகும். அந்தப் பணத்தைக் கொண்டுபோய் ஒன்றை எடுத்து மற்றதை விடுவது சின்னக் காரியமில்லை. அதனால்தான் எழுபதைத் தாண்டிய நான் இதில் வாய் திறக்கிறேன்.

தொலைபேசித் துறையில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவன் நான். என் கைக்கு முதலில் வந்தவை பெங்களூரு ஐடிஐ தொழிற்சாலையில் செய்த கறுப்பு பேக்லைட் போன்கள். விடுதலைக்கு அடுத்த ஆண்டு, 1948இல், தொடங்கிய தொழிற்சாலை அது. கனத்த ரிசீவர், விரலை விட்டுச் சுற்றும் டயல். “குரல் கரகரன்னு கேக்குது சார்” என்று புகார் வந்தால் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. ரிசீவரில் பேசும் பக்கத்து மூடியைக் கையால் திருகிக் கழற்றினால் உள்ளே வட்டமாக ஒரு வில்லை இருக்கும், அதற்குள் கரித்துகள். மழைக்காலத்து ஈரத்தில் அந்தத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிபோலாகிவிடும். வில்லையை எடுத்து மேசையில் இரண்டு தட்டு தட்டித் திரும்ப மாட்டினால் பெரும்பாலும் குரல் தெளிந்துவிடும். தெளியாவிட்டால் பையிலிருந்து வேறு வில்லை. அந்தப் போன்கள் இருபது வருஷம் போல உழைத்ததற்கு அவற்றின் கனம் மட்டும் காரணமில்லை. பழுதாகும் என்று தெரிந்தே செய்தார்கள். பழுதானால் மாற்றுவதற்குச் சாமான் ஸ்டோரில் இருந்தது. மாற்றத் தெரிந்த ஆள் அதே ஊரில் சைக்கிளில் சுற்றிக்கொண்டிருந்தான்.

அந்தக் காலத்தைப் பொற்காலமென்று சொல்ல எனக்கு மனமில்லை. இணைப்புக்கு எழுதிப் போட்டுவிட்டு வருஷக்கணக்கில் காத்துக்கிடந்தார்கள். மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தபோது பதிவு செய்த ஒரு வாத்தியார் வீட்டுக்கு, அவள் ஆறாம் வகுப்புக்குப் போன பிறகுதான் கம்பி இழுத்துக் கொடுத்தோம். அன்று அந்த வீட்டில் போனுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். ஆனால் அந்த வீட்டில் எல்லோருக்கும் ஒன்று தெரிந்திருந்தது: பம்பாயில் இருக்கும் மூத்த பையன் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவான், அதற்காகத்தான் இந்தப் போன். அத்தனை வருஷக் காத்திருப்பு அவ்வளவையாவது தெளிவாக்கிக் கொடுத்திருந்தது.

2024இல் மகள் வயிற்றுப் பேத்தி ஒருநாள் வந்து உட்கார்ந்தாள். ஒரு மருத்துவமனை லேபில் முதல் வேலை. பழைய போன் ஹேங் ஆகிக்கொண்டே இருந்தது. சாம்சங் கேலக்ஸி ஏ35 வாங்குவதா, ரெட்மி நோட் 13 ப்ரோ வாங்குவதா என்று வாரக்கணக்காகக் குழம்பிக்கொண்டிருந்தாள். ரெட்மி அந்த ஜனவரியில் 25,999 ரூபாய்க்கு வந்தது. சாம்சங் மார்ச்சில் 30,999க்கு. 8 ஜிபி ராம், 128 ஜிபி ஸ்டோரேஜ் உள்ள போன்களின் அறிமுக விலை இது. “தாத்தா, போன் ஆபீஸ்ல இருந்தவர்தானே நீங்க, சொல்லுங்க” என்றாள்.

ஒரு தாளில் எழுதச் சொன்னேன். ரெட்மியின் கேமரா 200 மெகாபிக்சல், சாம்சங்குடையது 50. பேட்டரி 5,100 எம்ஏஎச்சும் 5,000மும். சார்ஜ் ஏற்றும் வேகம் 67 வாட், 25 வாட். ரெட்மி பெட்டியில் சார்ஜர் உண்டு, சாம்சங்கில் தனியாக வாங்க வேண்டும். எடை 187 கிராம், 209 கிராம். ரெட்மியில் இயர்போன் சொருக வழி உண்டு. டிவி ரிமோட்டாகவும் பயன்படுத்தலாம். தாளை மட்டும் பார்த்தால் யாரும் ரெட்மியைத்தான் எடுப்பார்கள். விலையும் ஐயாயிரம் குறைவு.

மாடு வாங்கப் போகிறவன் கொம்பைப் பார்த்து விலை பேசுவதில்லை. வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பான். அந்தத் தாளில் இருந்த எண்களில் எவை கொம்பு, எவை பல் என்று பிரிப்பதிலேயே அன்றைய சாயங்காலம் போயிற்று.

200 என்றால் நாலு மடங்கு தெளிவு என்று நினைத்திருந்தாள். கேமராவுக்குள் வெளிச்சத்தை வாங்கும் தகடு விரல் நகத்தளவுதான். அதை இருபது கோடிப் புள்ளிகளாகப் பிரித்தால் ஒவ்வொரு புள்ளிக்கும் விழும் வெளிச்சம் துளியிலும் துளி. ஆகவே சாதாரணமாகப் படம் எடுக்கும்போது அந்தப் போன் பதினாறு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படமாகவே தருகிறது. 50 மெகாபிக்சல் போன் நாலு புள்ளிகளைச் சேர்த்து அதே கணக்கில் வந்து நிற்கிறது. நல்ல வெயிலில் முழு 200இல் எடுத்து, வேண்டிய இடத்தை வெட்டிப் பெரிதாக்கிக்கொள்ளலாம், அதை மறுக்கவில்லை. என் பேத்தி எடுப்பது தோழிகளையும் மத்தியானச் சாப்பாட்டையும். கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி இரண்டிலும் இருக்கிறது. கேமரா சமம் என்று எழுதச் சொன்னேன். ரெட்மிக்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் என் தீர்ப்பு அதுதான்.

சார்ஜ் வேகமும் அவளுக்குக் கொம்புதான். இராத்திரி போட்டுவிட்டுக் காலையில் எடுக்கிற பழக்கம். முக்கால் மணியில் ஏறினாலென்ன, ஒன்றரை மணியில் ஏறினாலென்ன. தண்ணீர் விஷயம் கொஞ்சம் பல் பக்கம் வந்தது. சாம்சங்கின் தரக்குறி ஐபி67. முதல் எண் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. 6 என்றால் தூசி உள்ளே போகாது. 7 என்றால் ஒரு மீட்டர் ஆழ நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்க வேண்டும். ரெட்மியின் ஐபி54 தூறலையும் தெறிப்பையும் தாங்கும், அவ்வளவே. நாளெல்லாம் லேப் சிங்க் அருகே நிற்கிற பெண்ணுக்கு அது பொருட்படுத்த வேண்டிய வித்தியாசம். ஆனாலும் ஒன்றைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள்: எந்தக் குறி இருந்தாலும் தண்ணீர் புகுந்த போனுக்குப் பொதுவாக வாரண்டியில் இலவச ரிப்பேர் கிடைக்காது. பெட்டியோடு வரும் சின்னத் தாளில் பொடி எழுத்தில் அது இருக்கும்.

கடைசியில் ஒரு வரி. அவளாக எழுதவில்லை, நான் கேட்டு எழுதவைத்தேன். எத்தனை வருஷத்துக்கு அப்டேட் தருவார்கள்?

சாம்சங் அந்தப் போனுக்கு நான்கு தலைமுறை ஆண்ட்ராய்டும் ஐந்து வருஷப் பாதுகாப்பு அப்டேட்டும் தருவதாகச் சொல்லியிருந்தது. ரெட்மி மூன்று தலைமுறை, நான்கு வருஷம். இதில் இன்னொரு நுணுக்கம் இருந்தது. சாம்சங் ஆண்ட்ராய்டு 14உடன் வந்தது. ரெட்மி, 14 வெளியான பிறகும் 13உடனேயே வந்தது. எனவே ரெட்மி தருவதாகச் சொன்ன மூன்றில் முதலாவது, விட்ட இடத்தைப் பிடிப்பதற்கே சரியாகப் போய்விடும். தாளில் நான்குக்கு மூன்று என்று தெரிகிற வித்தியாசம், நாள் கணக்கில் அதைவிட அகலமானது.

“நான் மூணு வருஷம்தான் வச்சிருப்பேன் தாத்தா, அப்புறம் வேற வாங்கிக்குவேன். அஞ்சு வருஷத்துக்கு எதுக்கு அப்டேட்?” என்றாள். நியாயமான கேள்வி.

“இப்ப இருக்கிற பழைய போன் யாருக்குப் போகப் போவுது?”

“அம்மாவுக்கு.”

“அம்மாகிட்ட இருக்கிறது?”

“அது... என் ப்ளஸ் டூ போன்.”

நம் வீடுகளில் புதுப் போன் மேலிருந்து கீழே இறங்கி வருகிறது. பிள்ளை வாங்குகிறது, மூன்று வருஷம் ஓட்டுகிறது, அம்மாவிடம் தள்ளிவிட்டு அடுத்ததை வாங்குகிறது. அந்த நான்காம் வருஷத்தில் போனுக்கு வேலை குறைந்துவிடுகிறதா என்றால், இல்லை. அம்மா அதில்தான் காஸ் சிலிண்டர் பதிகிறாள், பால்காரருக்கு யுபிஐயில் பணம் அனுப்புகிறாள். வங்கி அனுப்பும் ஓடிபி அந்தப் போனுக்குத்தான் வருகிறது. ஆண்ட்ராய்டில் புதிது புதிதாக ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். அவற்றை அடைப்பதுதான் பாதுகாப்பு அப்டேட். அது நின்றுபோன போன் மறுநாளே கெட்டுவிடாது. முன்போலவே பேசும், படம் காட்டும். உள்ளே கதவு தாழ்ப்பாள் இல்லாமல் கிடக்கும். அந்தப் போனை வீட்டில் யார் கையில் கொடுக்கிறோம்? மோசடிக்காரர்கள் குறிவைத்துக் கூப்பிடும் வயதில் இருக்கும் ஆளின் கையில். பிறகு அவள் ஏமாந்தால், “ஏம்மா லிங்க்கைத் தொட்ட?” என்று அவளையே அதட்டுகிறோம்.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். ரெட்மியின் பாதுகாப்பு 2028 தொடக்கத்தோடு முடியும். சாம்சங்குக்கு 2029 வரை போகும். இவள் 2027இல் அம்மாவிடம் கொடுத்தால், ஒன்றில் அம்மாவுக்குச் சில மாதம், மற்றதில் ஒன்றரை வருஷத்துக்கும் மேல். ஐயாயிரம் ரூபாய் எதற்கு என்ற கேள்விக்கு அங்கே பதில் கிடைத்தது. சாம்சங்கை எடுத்தாள்.

அதே மாதத்தில் எங்கள் தெருவில் பார்சல் கொடுக்கும் தம்பியும் இதே இரண்டைப் பற்றிக் கேட்டான். அவனுக்கு ரெட்மியை வாங்கச் சொன்னேன். காலை எட்டு மணிக்கு வண்டியை எடுத்தால் இராத்திரி வரை மேப் ஓடிக்கொண்டே இருக்கும். மூன்று மணிக்குப் பேட்டரி சிவந்துவிடும். டீக்கடையில் கால் மணி நேரம் உட்கார்கிறான். அந்தக் கால் மணியில் 67 வாட்டில் ஏறுவதை 25 வாட் தராது. மிச்சமான பணத்தில் ஒரு பகுதி மழைக்குப் பிளாஸ்டிக் பவுச்சுக்கும், வண்டியில் மாட்டும் ஸ்டாண்டுக்கும் போனது. அம்மாவுக்கு என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் பட்டன் போன்தான் வைத்திருக்கிறார், அதை விடமாட்டார் என்றான். அவன் வீட்டுக் கணக்கு வேறு; அவன் எடுத்தது சரி. நான்காம் வருஷத்தில் யார் கையில் இருக்கும், அல்லது நான்காம் வருஷத்தைப் பார்க்கத்தான் செய்யுமா என்ற கேள்வியை வைத்தால் அவரவர் விடை அவரவர்க்குக் கிடைத்துவிடும். “எது பெஸ்ட்?” என்று ஊரையே கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்குத்தான் கிடைப்பதில்லை.

ஆறு மாதம் பொறுத்தால் விலை இறங்கும் என்று உங்களில் பலர் கணக்குப் போடுவதைப் பார்க்கிறேன். பொறுமையைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் இந்த விஷயத்தில் பொறுமைக்கும் ஒரு விலை உண்டு. கம்பெனி சொல்லும் நான்கு வருஷமும் ஐந்து வருஷமும் போன் சந்தைக்கு வந்த நாளிலிருந்து ஓடத் தொடங்குகின்றன. நீங்கள் பில் போட்ட நாளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆடித் தள்ளுபடியில் இரண்டு வருஷத்துப் பழைய மாடல் ஒன்பதாயிரம் குறைவாகக் கிடைத்தால், அதன் ஆயுளில் இரண்டு வருஷம் ஏற்கெனவே கழிந்தாயிற்று என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். ஒரு மாடலின் விற்பனை நின்ற நாளிலிருந்து குறைந்தது ஐந்து வருஷம் அப்டேட் தர வேண்டும். முக்கியமான உதிரி பாகங்கள் ஏழு வருஷம் கிடைக்க வேண்டும். பேட்டரி 800 முறை முழுதாக ஏறி இறங்கிய பின்னும் எண்பது சதவீதமாவது தாங்க வேண்டும். அதைப் படித்தபோது எங்கள் ஸ்டோரில் அடுக்கியிருந்த கரி வில்லைகள்தான் எனக்கு ஞாபகம் வந்தன. சுற்றிவளைத்து உலகம் பழைய லைன்மேன் புத்திக்கே வந்து சேர்கிறது.

அந்தச் சட்டம் இங்கே இல்லை. ஆகவே நீங்களே கேட்க வேண்டும். வாங்குவதற்கு முன் உங்கள் ஊரில் அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நேரில் போய், இந்த மாடலுக்கு டிஸ்ப்ளே மாற்ற எவ்வளவு, பேட்டரி மாற்ற எவ்வளவு என்று விசாரியுங்கள். கீழே விழுந்து உடைந்த டிஸ்ப்ளேக்கு அவர்கள் சொல்லும் தொகை, வாங்கும் ஆசையைப் பாதி குறைத்துவிடும். பேட்டரி விலை அவ்வளவு பயமுறுத்தாது. நான்காம் வருஷத்தில் அம்மாவிடம் கொடுக்கும் முன் ஒரு பேட்டரி மாற்றிவிட்டால் போனுக்கு மறுபிறவிதான். வெயிலில் நிறுத்திய காருக்குள் போனை விட்டுப் போகாதீர்கள். சூடுதான் பேட்டரியைத் தின்கிறது.

தவணையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். “நோ காஸ்ட் இஎம்ஐ” என்ற பலகை எல்லாக் கடையிலும் தொங்குகிறது. பூஜ்ஜிய வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. இப்போது பெரும்பாலும் வட்டிக்குச் சமமான தொகையைத் தள்ளுபடியாகக் காட்டிவிட்டு, வட்டியைத் தவணையில் வாங்கிக்கொள்கிறார்கள். கிரெடிட் கார்டில் அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி வரும். ப்ராசஸிங் கட்டணம் தனி. மொத்தப் பணம் கொடுத்தால் வேறு தள்ளுபடி உண்டா என்று கேட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். எனக்குத் தெரிந்த ஒரு பையன் வாங்கிய நாலாம் மாதம் போனைப் பஸ்ஸில் தொலைத்தான். மிச்சத் தவணைகளை இல்லாத போனுக்குக் கட்டினான். ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வரும்போது அவன் முகத்தைப் பார்த்திருக்கிறேன். கட்டித் தீர்த்தான், அது பெரிய விஷயம். முன்னால் சேர்த்துவைத்துப் பின்னால் வாங்கியிருந்தால் தொலைந்தது பணத்தோடு போயிருக்கும்.

கடையில் எல்லாவற்றையும் சோதிக்கிறீர்கள். செல்ஃபி எடுக்கிறீர்கள், திரையைத் தள்ளித் தள்ளிப் பார்க்கிறீர்கள். ஒருவரும் பேசிப் பார்ப்பதில்லை! போன் வாங்கப் போனவர்கள் ஒரு ஹலோ சொல்லாமல் திரும்பி வருகிறீர்கள். டெமோ போனில் உங்கள் சிம்மைப் போடக் கடைக்காரர் சம்மதித்தால் வெளியே தெருச் சத்தத்தில் நின்று வீட்டுக்குக் கூப்பிடுங்கள். எதிர்முனையில் குரல் எப்படிக் கேட்கிறது என்று கேளுங்கள். சம்மதிக்காவிட்டால், அந்தப் போன் வைத்திருக்கும் நண்பரைக் கூப்பிட்டு ஐந்து நிமிடம் பேசுங்கள். கம்பியும் கரித்துகளுமாக வாழ்ந்தவன் பிடிவாதம் என்று சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் செய்யுங்கள்.

வாங்கிய பிறகு செய்ய வேண்டியவை இரண்டே. *#06# என்று அடித்தால் ஐஎம்இஐ எண் வரும். பில்லோடு சேர்த்து அதை எழுதிவையுங்கள். தொலைந்தால் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போனை முடக்கச் சொல்ல அந்த எண் வேண்டும். மற்றொன்று, அதற்குப் பிறகு அந்த இரண்டு போன்களையும் ஒப்பிடும் வீடியோக்களைப் பார்ப்பதை நிறுத்துங்கள். விட்ட போனின் பெருமையைக் கேட்டுக்கொண்டே எடுத்த போனை வைத்திருப்பது வீண் வேதனை. என் பேத்தி ஒரு மாதம் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். லேபில் நைட் ஷிஃப்ட் தொடங்கியதும் தானாக நின்றுவிட்டது.

பழைய போனை எக்ஸ்சேஞ்சில் போட்டால் கொஞ்சம் பணம் தருகிறேன் என்றது கடை. அவள் போடவில்லை, அம்மாவுக்கு என்று வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அப்டேட் நிற்க இன்னும் ஒரு வருஷம் இருந்தது. கொடுக்கும் விதத்தை மட்டும் அவளுக்குச் சொன்னேன், உங்களுக்கும் சொல்கிறேன். “இந்தாம்மா” என்று நீட்டிவிட்டு வெளியே ஓடாதீர்கள். உங்கள் படங்களை எடுத்துக்கொண்டு போனை முழுக்கத் துடைத்து, புதிதுபோல ஆக்குங்கள். எழுத்தைப் பெரிதாக வையுங்கள். கேட்காமலே வந்து உட்கார்ந்திருக்கும் ஆப்களை நீக்குங்கள். எந்தக் கம்பெனியானாலும் நாலைந்தாவது இருக்கும். பால்காரருக்கு ஒரு ரூபாய் அனுப்பிக் காட்டுங்கள், பிறகு அம்மாவை அனுப்பச் சொல்லுங்கள். மூன்று முறை தப்பாகப் போனாலும் போனைப் பிடுங்காதீர்கள். நீங்கள் சைக்கிள் பழகியபோது அவர்தான் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். ரகசிய எண்ணை அவரே போடட்டும். போடும்போது நீங்கள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள்.